எழுந்து நின்றவர்கள்

வரலாற்றுத் துறையின் உதவியாளர் பழக்கதோஷத்தில் ஆய்வு மாணவருக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டார். தேர்வாளர்கள் உட்காரும் மேசைக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, தனியாக. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் மூடி போட்ட தண்ணீர் டம்ளர், கைக்கெட்டும் தூரத்தில் மைக். எல்லா வைவாவுக்கும் அவர் அப்படித்தான் போடுவார். இன்றைக்கு அந்த நாற்காலியில் உட்காரவேண்டியவர் இறந்து மாதங்கள் ஆகிவிட்டன என்பது அவருக்குத் தெரியாததல்ல. அடக்கத்தன்று கடைசிவரை கூடவே இருந்தவர். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மேசைவிரிப்பைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் தான் செய்த காரியம் அவருக்கே உறைத்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து இறந்தவரின் மனைவி உள்ளே வந்தாள்.

"இருக்கட்டும், எடுக்காதீங்க" என்றாள்.

விட்டால் போதுமென்று அவர் நகர்ந்துபோய் மின்விசிறிகளை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்.

அவளோடு நாத்தனாரும் வந்திருந்தாள். கணவருக்கு ஒரே தங்கை, தையல்காரி. கடையைப் பூட்டிவிட்டு, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வைவா என்றால் என்னவென்று அவளுக்கு வழி நெடுக விளக்கியாகிவிட்டது. ஆராய்ச்சி செய்தவரைப் பெரியவர்கள் உட்காரவைத்து எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார்கள், பதில் சரியாக இருந்தால் டாக்டர் பட்டம். "ஆளே இல்லாம எப்படி அண்ணி கேப்பாங்க?" என்று அவள் கேட்டதற்கு, "அவருக்கு வழிகாட்டியா இருந்த சார் பதில் சொல்லுவார்" என்று இவள் சொன்னாள். ஆட்சிக்குழுவில் அதற்காகவே தனித் தீர்மானம் போட்டிருந்தார்கள். விதிகளில் அப்படி ஒன்று இல்லை. கூடாது என்றும் இல்லை. அந்தச் சந்தில் புகுந்து வழிகாட்டியான நெறியாளர்தான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தார்.

"எங்க உக்காரணும் அண்ணி?"

"மொத வரிசையில."

இதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இந்தக் கூடம் ஒரு காலத்தில் நூல் கிடங்கு. கூடம் என்ன, இந்தப் பல்கலைக்கழகமே நூல் கிடங்கில் பிறந்ததுதான். மேல்படிப்பு வேண்டுமென்றால் இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்து தலைநகருக்குப் போகவேண்டியிருந்த காலத்தில், எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று இந்த வட்டாரமே தெருவில் இறங்கியது. வாயை அடைப்பதற்காக அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது, கட்டடம் தரவில்லை. மூடிக் கிடந்த ஆலையின் கிடங்குகளைக் கூட்டிப் பெருக்கி, பலகையைச் சாய்த்துவைத்துப் பாடம் தொடங்கினார்கள். தலைநகரத்துக்காரர்கள் 'கிடங்கு யுனிவர்சிட்டி' என்று கேலி செய்தார்கள். இவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஊருக்குள் யாரும் பல்கலைக்கழகம் என்று முழுசாகச் சொல்வதில்லை. 'எம் பொண்ணு கிடங்குல படிக்கிறா' என்பார்கள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. படிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்கிறவர்கள். பஸ் வந்துவிட்டால் பாடம் பாதியில் நின்றுவிடும். எவ்வளவு பெரிய பேராசிரியரானாலும் பஸ்ஸோடு போட்டி போட முடியாது. துணைவேந்தர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள், வந்ததும் எதையாவது மாற்றுவார்கள், ஒரு கல்வெட்டைத் திறந்துவைத்துவிட்டுப் போய்ச் சேருவார்கள். கிடங்கு அதுபாட்டுக்குக் கிடக்கும்.

அவள் கணவர் இந்தக் கிடங்கைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியவர். இங்கேயே படித்து, இங்கேயே வரலாறு சொல்லிக்கொடுத்து, கடைசியில் இந்தக் கிடங்கின் வரலாற்றையே ஆராய்ச்சிக்கும் எடுத்துக்கொண்டவர். ஆனால் கிடங்கு அவரைத் தலையில் தூக்கிவைக்கவில்லை, கீழே உட்காரக்கூட இடம் தரவில்லை. அவர் மணிநேர ஆசிரியர். எடுத்த வகுப்புக்குத்தான் சம்பளம். விடுமுறை வந்தால் அடுப்பு அவள் சம்பளத்தில் எரியும். ஆசிரியர் அறையில் அவருக்கு மேசை கிடையாது. இரண்டு வகுப்புக்கு நடுவே தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கல்யாணமான புதிதில் வந்த வேலை, நாளைக்கு நிரந்தரமாகிவிடும், நாளைக்கு நிரந்தரமாகிவிடும் என்று தலைமுடி நரைத்ததுதான் மிச்சம். அவளோ அதே பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஊழியர், ஆராய்ச்சிப் பிரிவில் பிரிவு அலுவலர். "இந்த வீட்டுல நிரந்தரம் நீதான், நான் தற்காலிகம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்போது அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பட்டமளிப்பு விழாவில் கிடங்குக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பட்டம் வாங்கப் பிள்ளை மேடையேறும்போது, அரங்கில் அந்தப் பிள்ளையின் வீட்டார் எழுந்து நிற்பார்கள். கைதட்ட மாட்டார்கள், சத்தம் கொடுக்க மாட்டார்கள், வெறுமனே எழுந்து நிற்பார்கள். பிள்ளை இறங்கியதும் உட்கார்ந்துவிடுவார்கள். விழா முழுக்க அங்கொருவர் இங்கிருவராக எழுவதும் உட்காருவதுமாக இருக்கும். புதிதாக வந்த ஒரு துணைவேந்தருக்கு இது பொறுக்கவில்லை. தயவுசெய்து யாரும் எழ வேண்டாம் என்று மைக்கில் சொல்லச் சொன்னார். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். தங்கள் பிள்ளை மேடையேறியதும் எழுந்து நின்றார்கள்.

ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எங்கப்பா நின்றார், நான் நிற்கிறேன் என்பார்கள். இரண்டு கதைகள் ஊரில் உலவின. முதல் விழாவில் நாற்காலி போதாமல் பெற்றவர்கள் நின்றுகொண்டே பார்த்தார்கள், அது அப்படியே தொடர்ந்தது என்பது ஒன்று. முதல் துணைவேந்தர் 'பெற்றவர்களே எழுந்து நில்லுங்கள், உங்களை இந்த ஊர் பார்க்கட்டும்' என்று சொன்னார் என்பது இன்னொன்று. இரண்டும் பொய் என்று அவள் கணவர் ஆதாரத்தோடு எழுதினார். அப்படியானால் உண்மை என்ன என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அந்த ஒரு கேள்விக்காக ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காமல் இழுத்தடித்தார். அவள்தான் ஒருநாள் பொறுமையிழந்து, "எழுந்தாங்க, நின்னாங்க, உக்காந்தாங்க. இதுல என்ன பெரிய ஆராய்ச்சி வேண்டிக்கெடக்கு? கொண்டுபோய்க் குடுத்துட்டு மறுவேலையைப் பாருங்க" என்று விரட்டினாள். குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கொடுத்த பிறகுதான் கிடைத்தது. ஒரு மழை நாளின் சாயங்காலம். சொட்டச் சொட்ட நனைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"கெடச்சிருச்சு!"

"எது, குடையா?" என்றாள் அவள். முந்தின வாரம்தான் ஒரு குடையைத் தொலைத்திருந்தார்.

"குடை போனா போவுது. ஏன் எழுந்து நிக்கிறாங்கன்னு கெடச்சிருச்சு. இன்னைக்கு ஒருத்தரப் பாத்தேன். மொத விழாவுக்கு வந்தவங்க. கண்ணால பாத்தவங்க!"

"மொதல்ல தலையத் தொவட்டுங்க."

அதற்குள் பதிவாளரிடமிருந்து போன். மறுநாள் கூட்டத்துக்கு ஏதோ விவரம் வேண்டுமாம். ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக அவள் பேசி முடித்துவிட்டுத் திரும்பியபோது அவர் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வெற்றுத் தட்டின் முன்னால் கன்னத்தில் கைவைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சொல்லுங்க" என்றாள், அடுப்பின்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு.

"மாட்டேன். இப்ப சொன்னா நீ 'ம்' போடுவ. வைவாவுக்கு வா. மொத வரிசையில, என் கண்ணுல படற மாதிரி உக்காரு. அங்க சொல்றேன். அங்க நடுவுல எழுந்துபோய் அடுப்ப அணைக்க முடியாதுல்ல?"

"ரொம்பத்தான் ரகசியம்" என்றாள் அவள். அவர் பிகு பண்ணிக்கொண்டு எழுந்துபோனார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு எத்தனையோ நாள் இருந்தது, கேட்டிருக்கலாம். பக்கத்தில் உட்காரவைத்துக் கெஞ்சியிருந்தால் ஐந்து நிமிஷம்கூடத் தாங்கியிருக்க மாட்டார் மனுஷன், கொட்டியிருப்பார். அவள் கேட்கவில்லை. மறந்துபோனாள் என்பதுதான் உண்மை.

ஆய்வேடு வெளித்தேர்வாளர்களிடம் போய், நல்ல அறிக்கைகளோடு திரும்பி வந்து அவள் மேசையில்தான் இறங்கியது. வைவாவுக்கு நாள் குறிக்க அவள்தான் குறிப்பு எழுதி மேலே அனுப்பவேண்டும். அவள் மேசையில் வந்தது வந்த வரிசையில்தான் போகும். பதிவாளரின் மருமகனே ஆனாலும் காத்திருக்கவேண்டும். "அந்தம்மா மேசைக்குக் காத்துகூட வரிசையிலதான் வரும்" என்று பிரிவில் சொல்லிக்கொள்வார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். கணவருடைய கோப்பு வந்த அன்றே இன்னும் சிலருடையதும் வந்தன. அவற்றுக்கு மேலே அவருடையதை வைத்தால் புருஷனுக்குச் சலுகை என்று நாலு பேர் பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள். அவர் ஒருநாளும் என்னாச்சு என்று கேட்டதில்லை. ஒரே ஒருதடவை, பஸ் நிறுத்தத்தில், "ஆபீசரம்மா, நம்ம கோப்பு சௌக்கியமா? வேளாவேளைக்குச் சாப்பிடுதா?" என்று விசாரித்தார். "நல்லாச் சாப்பிட்டுத் தூங்குது" என்றாள் அவளும், பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே.

அது மேலே வருவதற்குள் அவர் போய்விட்டார். காலை வகுப்பை முடித்துவிட்டு வழக்கம்போலத் தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்தார். சார் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து, மாணவிகள் அவரைத் தாண்டும்போது செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போயிருக்கிறார்கள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தும் எழவில்லை என்ற பிறகுதான் தொட்டுப் பார்த்தார்கள். அவள் தன் பிரிவிலிருந்து ஓடி வந்தபோது அந்தப் பெண்கள் சுவரோரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவருடைய பையை, அலமாரியை, சட்டைப் பைகளைக்கூடத் தேடிப் பார்த்தாள். அந்த மழைநாளில் யாரைப் பார்த்தார், என்ன கேட்டார் என்று ஒரு வரி இல்லை. நல்ல விஷயம் எதையும் அவர் உடனே எழுதிவைக்கிறவர் அல்ல. நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி மெருகேற்றிவிட்டுத்தான் எழுதுவார். அந்த நாலு பேரில் முதல் ஆளாகத் தேடி வந்தது அவளைத்தான்.

கூடம் நிறைந்துவிட்டது. பின்னால் மாணவர்கள், நடுவில் மற்ற மணிநேர ஆசிரியர்கள். வெளித்தேர்வாளர் தலைநகரிலிருந்து வந்திருந்த வயதான அம்மாள்; தடித்த கண்ணாடி, ஆய்வேட்டின் பக்கங்களுக்கிடையே துண்டுத் துண்டாகக் காகிதம் செருகி வைத்திருந்தார். முழுசும் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. நெறியாளர் பருத்த மனிதர், எதற்கெடுத்தாலும் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறவர். அவர் காலி நாற்காலியில் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினார். ஆலை மூடியது, ஊர்வலங்கள், கிடங்கில் முதல் வகுப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். அவர் ஒவ்வொரு தடவை 'ஆய்வாளர் கருதுகிறார்' என்று சொன்னபோதும், இறந்துபோன மனிதர் இன்னும் எங்கோ உட்கார்ந்து கருதிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. நாத்தனார் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கேள்விகளுக்கு நெறியாளர் எப்படியோ ஈடுகொடுத்தார். கடைசியாக அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கடைசி அத்தியாயம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. நாற்காலி இல்லாததால நின்னாங்கங்கறது தப்பு, போட்டோவுல காலி நாற்காலியே நெறைய இருக்குங்கறார். துணைவேந்தர் எழச் சொன்னார்ங்கறதும் தப்பு, அவருக்கு அன்னைக்குத் தொண்டை கட்டி, பேசவே இல்லைங்கறார். எல்லாம் சரி. அப்ப ஏன்தான் எழுந்தாங்க? தேடிக்கிட்டிருக்கேன்னு எழுதி முடிச்சிருக்கார். அப்புறம் கண்டுபிடிச்சாரா?"

நெறியாளர் முகத்தைத் துடைத்தார். "கண்டுபிடிச்சுட்டேன்னு போன் பண்ணார் மேடம். என்னய்யா அதுன்னு கேட்டேன். வைவால சொல்றேன் சார், நீங்களும் எல்லாரோடயும் சேந்து கேளுங்கன்னுட்டார்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் குரல் அப்படியே காதில் விழுந்திருக்கும். சிரிப்பு பாதியில் நின்றது. எல்லோரும் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

"யார்கிட்டயுமே சொல்லலையா?" என்றார் அந்த அம்மாள்.

"அண்ணி, உங்ககிட்ட சொல்லாம இருந்திருக்க மாட்டாரே?" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு என்று அவள் நினைத்தது கூடம் முழுக்கக் கேட்டது. வெளித்தேர்வாளரின் பார்வை முதல் வரிசைக்கு வந்தது. "அவரோட மனைவி மேடம்" என்றார் நெறியாளர், தாழ்ந்த குரலில்.

அவள் எழுந்தாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காரவேண்டியதுதான். அந்த வார்த்தைதான் வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் பின்னாலேயே மற்றதெல்லாம் வருமே என்று பயந்தாள். கண்டுபிடித்ததைக் கையில் ஏந்திக்கொண்டு மழையில் ஓடி வந்த மனிதரிடம் தலையைத் துவட்டச் சொன்னேன். நான் 'ம்' போடுவேன் என்று பயந்து எனக்காகவே ஒத்திவைத்தார். ஒத்திவைத்த நாளையும் நானே தள்ளித் தள்ளி வைத்தேன். இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாலோ, கண்டுபிடித்தேன் என்று சும்மா சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் என்றுதான் அவரைப் பற்றிக் கடைசியாக எழுதுவார்கள். ஒரு பதிலுக்காக அந்த மனிதர் எவ்வளவு அலைந்தார்!

"சொன்னார்" என்றாள்.

தன் குரலைத் தானே கேட்டாள். நிதானமாகத்தான் இருந்தது.

"மொத விழா அன்னைக்கு, பின்னாடி வரிசையில ஒரு அம்மா இருந்தாங்களாம். அவங்க வீட்டுக்காரர் இல்ல. அந்த விழாவுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் இறந்துட்டார். பொண்ணு பட்டம் வாங்க மேடைக்கு வந்திருக்கு. மேடையில வெளிச்சம், கீழ இருட்டு. அந்தப் பொண்ணுக்கு யாரும் தெரியல. பட்டத்த வாங்கிக்கிட்டு, எறங்காம, தேடிக்கிட்டே நிக்குது. இங்க இருக்கேன்னு கத்தறதுக்கு அந்தம்மாவுக்கு வெக்கம். அதனால எழுந்து நின்னுட்டாங்க. பொண்ணு பாத்துருச்சு. அப்புறம்தான் எறங்கிப் போச்சு. அந்தம்மா தனியா நிக்கிறாங்களேன்னு பக்கத்துல இருந்தவங்க, அவங்கவங்க புள்ளை வந்தப்ப அவங்களும் எழுந்தாங்க. அவ்வளவுதான். நான் இங்க இருக்கேன்னு சொல்றதுதான் அது. வேற ஒண்ணும் இல்ல."

பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். வெளித்தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

"யார் சொன்னாங்கன்னு சொன்னாரா? அந்தம்மாவேதானா?"

ஒரு கையெழுத்து குறைந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவள் அவள். ஆதாரம் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"அந்தம்மாவேதான்."

"அப்படியா! போய்ப் பாக்க முடியுமா? நானே ஒருதடவை பேசணும்."

"இல்ல மேடம். இறந்துட்டாங்க."

என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்தது. மழை பெய்த அந்தச் சாயங்காலம் அவர் பார்த்துவிட்டு வந்த ஒருவர், ஆணோ பெண்ணோ அதுகூட இவளுக்குத் தெரியாது, இந்த ஊரில் ஏதோ ஒரு வீட்டில் இன்னும் இருக்கலாம். காலையில் எழுந்து, காபி குடித்து, பேப்பர் படித்துக்கொண்டு இருக்கலாம். கேட்டால் சொல்வார். தேடிப் போக நெறியாளர் இருந்தார், இத்தனை மாணவர்கள் இருந்தார்கள், இந்த அம்மாளே கிளம்பியிருப்பார். இனிமேல் யாரும் தேட மாட்டார்கள். கணவர் கண்டுபிடித்ததற்கு மேலே தன்னுடைய கதையைப் போட்டு அவளே மூடிவிட்டாள். இல்லை, நான் பொய் சொன்னேன், எழுதாதீர்கள் என்று சொல்ல இன்னமும் நேரம் இருந்தது. பேனா ஓடிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் ஒரு கணம் தயங்க, மணிநேர ஆசிரியர்கள்தான் முதலில் தட்டினார்கள். அவர்கள் தட்டிய தட்டில் தங்கள் ஆற்றாமையும் சேர்ந்திருந்தது. வெளித்தேர்வாளர் இறங்கி வந்து அவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "டாக்டரோட ஆய்வேட்டைப் புத்தகமா போடணும். நீங்க சொன்னது கடைசிப் பக்கமா வரணும்" என்றார். முதல்முதலாக ஒருவர் அவரை டாக்டர் என்று சொல்லக் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

தாழ்வாரத்தில் டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "எனக்குக்கூடச் சொல்லல பாத்தீங்களா, எல்லாக் கதையும் சொல்ற மனுஷன். உங்களுக்குன்னே வெச்சிருந்திருக்கார். குடுத்துவெச்சவங்க அண்ணி நீங்க" என்றாள். அந்தச் சொல்லைத் தாங்க மாட்டாமல் அவள் தூணோரமாக நகர்ந்தாள். அங்கே இரண்டு மாணவிகள், புதிதாக வந்த ஒருத்திக்கு உள்ளே நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அந்தம்மா நீலப் புடவை கட்டியிருந்தாங்களாம்டி, அதனாலதான் இருட்டுலயும் அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுதாம்" என்றாள் ஒருத்தி. நீலப் புடவை என்று அவள் சொல்லவே இல்லை. வாசலைவிட்டு வெளியே வருவதற்குள் அந்தக் கதை புடவை கட்டிக்கொண்டுவிட்டது.

பஸ் நேரம் நெருங்கியதும் தாழ்வாரம் காலியாகத் தொடங்கியது. வெளித்தேர்வாளரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு நெறியாளர் இரண்டு கைகளிலும் டீயோடு வந்தார். ஒன்றை அவளிடம் கொடுத்தார். நல்ல மனிதர். இந்த வைவா நடந்ததே அவரால்தான்.

"அந்தப் போனைப் பத்தி உள்ள தப்பாச் சொல்லிட்டேன்மா" என்றார். "எனக்குச் சுத்தமா மறந்துபோயிருச்சு. நீங்க சொல்லச் சொல்ல அப்படியே ஞாபகம் வந்துருச்சு. அன்னைக்கு எங்கிட்டயும் இதைத்தான் சொன்னார். மேடையில வெளிச்சம், கீழ இருட்டு, அந்தப் பொண்ணு தேடிக்கிட்டு நிக்குது. அவர் குரல் இப்பக்கூடக் காதுல கேக்குது. எல்லாம் சொன்னார்மா."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. கண்கள் கலங்கியிருந்தன. ஆறுதலுக்குச் சொல்கிறாரா, நிஜமாகவே நம்பிவிட்டாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் வரிசையில் எழுந்து நிற்கும்வரை உலகத்தில் இல்லாத கதை அது. அதைக் கட்டியவள் அவள். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

"சார்" என்றாள். தெரிந்திருந்தும் கணவர் சொன்னதாக இன்னும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் போலிருந்தது. "வேற என்ன சொன்னார்?"

நெறியாளர் டீ டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, கர்சீப்பை எடுத்து முகத்தை மெல்லத் துடைத்துக்கொண்டு, யோசித்தார். வெளியே பஸ் வந்து நின்று, மாணவர்கள் இரைச்சலாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தைகூட அந்தச் சத்தத்தில் தவறிவிடக் கூடாதென்று அவள் அவருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நின்றாள்.